குஞ்சியம்மா முழுகாத ஆவணி

எட்டு வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. வீட்டுக்கு வருகிற போனுக்கு மறுமொழி சொல்வது. நாரந்தனையில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், அது முன்னறையின் மேற்கு யன்னல். அம்மாவின் பொத்தான் போன் அந்த யன்னல் கம்பிக்கு நடுவில் செருகியபடியே கிடக்கும். எடுத்துக்கொண்டு நாலடி நடந்தால் பேச்சு அறுந்துவிடும். அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வருவதற்குள் மணி நின்றுவிடும் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது. கதிரையை இழுத்துப் போட்டு ஏறி நின்று, "ஓம், ஆர் கதைக்கிறது?" என்று கேட்பதில் எனக்குப் பெரிய பெருமை.

கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல்லவேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. கேட்காததையும் சேர்த்துச் சொல்வது என் சுபாவம். எங்கள் வீட்டுக் கோழி அடைகிடப்பதும், அப்பா புதுச் செருப்பை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்ததும் கனடாவில் இருக்கிற பெரியப்பாவுக்கு அன்றன்றே தெரிந்ததென்றால் அதற்கு நான்தான் காரணம்.

எங்கள் வளவுக்குள்ளேயே, கிணற்றுக்கு அந்தப் பக்கம், குஞ்சியம்மாவின் வீடு. குஞ்சியம்மா அம்மாவின் கடைசித் தங்கை. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். அப்படித்தான் நயினாதீவில் பிறந்த சித்தப்பா நாரந்தனைக்காரர் ஆனார். அவருக்கு வவுனியாவில் வேலை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து போவார். கலியாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சாப்பிடுவது, படிப்பது, சண்டை போடுவது எல்லாம் குஞ்சியம்மா வீட்டில்தான். மீனில் முள் எடுத்துத் தர அவரைப் போல ஆள் கிடையாது. ஒரு துண்டு மீனை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் இருப்பார்.

சித்தப்பாவின் தாய் நயினாதீவில் தனியாக இருந்தார். குஞ்சியம்மா அவரை மாமி என்று கூப்பிட்டதால் நானும் மாமி என்றேன். முறைப்படி அது பிழை. திருத்த ஒருவரும் மெனக்கெடவில்லை.

அந்த வருடம் ஆனி மாதம் அம்மன் கோயில் தேருக்கு எல்லாருமாகப் படகேறிப் போனோம். தேர் இருப்புக்கு வந்தபிறகு மாமி வீட்டில் சாப்பாடு. பந்தியில் இருந்த ஒரு பெண், குஞ்சியம்மாவைக் கண்ணால் காட்டி, "மருமகளுக்கு விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்று மாமியைக் கேட்டார். மாமி சோறு போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல் சொன்னார்.

"என்னத்தைச் சொல்ல. அவ மாசம் மாசம் முழுகி முழுகி, கிணறுதான் வத்துது."

பந்தியில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். குஞ்சியம்மா சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே இருந்தார், பிறகு எழும்பிப் போய்க் கை கழுவினார். திரும்பி வரும்போது படகில் ஒருவரோடும் கதைக்கவில்லை. குறிகட்டுவான் துறையில் இறங்கி பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மாவிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "அக்கா, இனி அந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டன்." மாமியும் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை, குஞ்சியம்மாவோடு போனில் கதைக்கவும் இல்லை. சித்தப்பாவின் பாடு மத்தளம் போல இரண்டு பக்கமும் அடி.

மாமி சொன்ன அந்த வசனத்தில் எனக்கு விளங்காத சொல் ஒன்றுகூட இருக்கவில்லை. வினை அங்கேதான் தொடங்கியது. முழுகுவது என்றால் எங்களுக்குச் சும்மா மேல் கழுவுவது அல்ல, தலைக்கு எண்ணெய் வைத்து, சீயாக்காய் தேய்த்து, தலையோடு ஊற்றுவது. பெண்கள் மாதவிலக்கான மூன்றாம் நாள் கட்டாயம் முழுகுவார்கள் என்பதோ, வயிற்றில் பிள்ளை உண்டானால் அந்த முழுக்கு நின்றுபோகும் என்பதோ எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது தண்ணீர். தீவில் பிறந்த பிள்ளைக்கு எண்ணத் தெரிவதற்கு முதல் தண்ணீரை அளக்கத் தெரியும். குஞ்சியம்மாவுக்கோ முழங்கால் வரைக்கும் மயிர். அவர் முழுகினால் பத்து வாளிக்குக் குறையாது. ஆகவே மாமி தண்ணீர்ச் செலவைப் பார்த்துத்தான் கோபிக்கிறார், அந்தக் கோபத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது என்பது என் தீர்ப்பு. குஞ்சியம்மா முழுகுவதைக் கொஞ்சம் குறைத்தால் இரண்டு பேரும் ஒற்றுமையாகி விடுவார்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்குப் பெரிய ஆட்கள் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

ஆவணி பிறந்தது. வழக்கம்போலக் கிணற்றுத் தண்ணீர் அடியில் போய், உப்புச் சவர் ஏறிவிட்டது. குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீர் பவுசர் வண்டியில் வரும். வியாழக்கிழமைகளில் வந்து, அடுப்படிக்குப் பின்னால் வைத்திருக்கிற நீலப் பரலை நிரப்பிவிட்டுப் போவார்கள். அந்தப் பரலுக்கு மூடி போட்டு, மூடிக்கு மேல் ஒரு கல்லும் வைத்திருப்பார் அம்மா. அதில் ஒரு பேணி தண்ணீர் எடுத்துக் கால் கழுவியதற்காக அப்பாவே ஒருமுறை வாங்கிக்கட்டினார்.

அந்த மாதம் குஞ்சியம்மா முழுகுவதை நிறுத்தினார். "இந்த உப்புத் தண்ணியிலை முழுகினா மயிர் சடைபிடிச்சுப் போமக்கா" என்று அம்மாவிடம் சொன்னார். மேலுக்கு மட்டும் வார்த்துக்கொண்டு, தலையை முடிந்தபடியே விட்டார். நான் கவனித்தேன். ஒரு வெள்ளி போனது, இரண்டு வெள்ளி போனது, மூன்றும் போனது. கிணற்றைப் பற்றி மாமி சொன்ன சொல்லுக்குக் குஞ்சியம்மா அடங்கிவிட்டார் என்று எண்ணினேன். இந்த நல்ல மாற்றம் மாமிக்குத் தெரியாமல் இருக்கிறதே என்பதுதான் என் குறை.

ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கதிரையில் ஏறினேன். மாமி. மகனை அவர் தம்பி என்றுதான் சொல்வார்.

"பிள்ளை, தம்பி அங்கை வந்தவரோ? அவற்றை போன் வேலை செய்யுதில்லை."

"இல்லை மாமி. வாற கிழமைதானாம்."

"ம்ம்." பிறகு, கேட்க மனமில்லாமல் கேட்பதுபோல, "குஞ்சியம்மா எப்பிடி இருக்கிறா?" என்றார்.

வாய்ப்புக் கதவைத் தட்டும்போது நான் விடுகிற ஆளா. "குஞ்சியம்மா இப்ப முழுகாமல் இருக்கிறா, மாமி" என்றேன்.

போன் அறுந்துவிட்டதோ என்று நினைத்து யன்னல் கம்பியோடு இன்னும் ஒட்டி நின்றேன்.

"என்ன சொன்னனீ?"

"முழுகாமல் இருக்கிறா. ஒரு மாசமாகப் போகுது."

"ஆர் உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்."

"என்ரை அம்மாளாச்சி" என்றார் மாமி. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நான் வைக்கிறன் பிள்ளை. நான் கேட்டதெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதை. நான் நேரை வாறன்."

தண்ணீர் மிச்சமானதற்கு ஒரு மனுஷி இவ்வளவு சந்தோஷப்படுவாரா என்று எனக்கே கொஞ்சம் வியப்பாகத்தான் இருந்தது. ஆனால் குரலில் கோபம் இல்லை. அதுதானே வேண்டும். நல்லது செய்தால் தம்பட்டம் அடிக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அதன்படி நடந்தேன். "ஆர் போனிலை?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டதற்கு, "மாமி. சித்தப்பா வந்தவரோ எண்டு கேட்டவ" என்று மட்டும் சொன்னேன்.

இதில் எனக்குத் தெரியாமல் இன்னொன்று இருந்தது. எனக்குக் கலியாணமாகி, நானும் ஒரு மாதம் நாளை எண்ணிக்கொண்டு இருந்தபோதுதான் அம்மா அதைச் சொன்னார். உப்புத் தண்ணீர் என்பது குஞ்சியம்மா கண்டுபிடித்த பொய்ச் சாட்டு. ஒரு கிணற்றில் இரண்டு வீட்டுப் பெண்கள் குளிக்கிற வளவில், யார் எப்போது முழுகினார்கள், யாருக்கு முழுக்கு வரவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஏழு வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. மூன்று கிழமை. வாயால் சொன்னால் கலைந்துவிடும் என்று பயந்து கூடப்பிறந்த தமக்கைக்கும் சொல்லவில்லை, புருஷனுக்கும் சொல்லவில்லை. ஆக, நான் போனில் சொன்னது பொய்யே இல்லை. மாமி விளங்கிக்கொண்டதும் பிழையில்லை. நான் சொன்ன நேரம் வரைக்கும் அது உண்மைதான்.

அன்று பின்னேரமே அது முடிந்துவிட்டது. வாயால் சொன்னால் கலையும் என்பதை நான் நம்புவதில்லை. படித்த பெண், எப்படி நம்புவது? ஆனாலும் அந்த வியாழக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சுக்குள் ஒரு மாதிரி இருக்கிறது. அப்படி ஒரு மாதம் பிறகு குஞ்சியம்மாவுக்கு வரவே இல்லை.

சனிக்கிழமை காலை குஞ்சியம்மா எங்கள் அடுப்படிக்கு வந்து நின்றார். முடிந்த கொண்டையை அவிழ்த்துவிட்டிருந்தார். "அக்கா, நான் முழுகவேணும்" என்றார். அம்மா அவர் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு போய், நீலப் பரலின் மேல் இருந்த கல்லை இறக்கி, மூடியைத் திறந்துவிட்டார்.

எனக்குத் தலை சுற்றியது. குடிக்கிற தண்ணீர்! அதற்கு முந்தாநாள்தான் பவுசர் வந்து நிரப்பிவிட்டுப் போயிருந்தது. "அம்மா, அது நல்ல தண்ணியல்லோ!" என்றேன். "வாயை மூடிக்கொண்டு வாளியைப் பிடி" என்றார் அம்மா.

குஞ்சியம்மா உடுப்புத் தோய்க்கிற கல்லில் குந்தியிருந்தார். நான் பேணியால் அள்ளி அள்ளி ஊற்றினேன். "ஊத்து" என்றார். ஊற்றினேன். "இன்னும் ஊத்து, நிப்பாட்டாதை" என்றார். மயிர் முழுவதும் நனைந்து, மண்ணில் ஓடை ஓடி, வாழையடிக்குப் போய்த் தேங்கியது. அவர் முகத்தை நிமிர்த்தவே இல்லை. கடைசியில் நிமிர்ந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தது. "சீயாக்காய் பட்டிட்டுது" என்றார். அன்றைக்கு அவர் சீயாக்காயே வைக்கவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை, எனக்கு என் கவலை. ஒரு மாதம் சேர்த்த நல்ல பெயரெல்லாம் ஒரே முழுக்கில் போயிற்றே, மாமிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயந்துகொண்டிருந்தேன்.

மாமி மறுநாளே வந்து நின்றார்.

முதல் படகில் ஏறி, பஸ் மாறி, பத்து மணிக்கு முதலே வளவுக்குள் நுழைந்துவிட்டார். ஒரு கையில் குடை, மறு கையில் கனமான பை. எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே குஞ்சியம்மா வீட்டுக்குப் போனதைக் கண்டு அம்மா பதறிப் பின்னால் ஓட, அம்மாவுக்குப் பின்னால் நான் ஓடினேன். குஞ்சியம்மா குசினியில் நிலத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மாமியைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

"இரும், இரும். எழும்பாதையும்" என்று மாமி அவருடைய தோளைப் பிடித்து இருத்தினார். தானும் பக்கத்தில், சேலை கசங்குவதைப் பார்க்காமல், வெறும் நிலத்தில் இருந்தார். பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கடதாசியில் மடித்த கோயில் குங்குமம், ஒரு டப்பா நிறையப் பனங்காய்ப் பணியாரம், ஒரு போத்தல் மாங்காய் ஊறுகாய். குங்குமத்தைத் தானே எடுத்துக் குஞ்சியம்மாவின் நெற்றியில் வைத்தார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை எண்டு நான் கேக்கமாட்டன்" என்றார். "நான் அண்டைக்குப் பந்தியிலை வைச்சுச் சொன்ன சொல்லுக்கு, நீர் எனக்குச் சொல்லாமல் விட்டதுதான் சரி. என்ரை வாய்க்குப் புண் வரவேணும். அதை மனசிலை வைச்சிருக்காதையும்."

குஞ்சியம்மா மாமியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். இது என்ன, இவருக்கு யார் சொன்னது என்று அம்மாவின் முகமும் கேட்டுக்கொண்டு நின்றது. மாமி அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

"இனிமேல் கிணத்தடிப் பக்கம் போகக்கூடாது. வாளி தூக்கக்கூடாது. நான் இஞ்சையே நிண்டு எல்லாத்தையும் பாக்கிறன். தம்பிக்கும் சொல்லி, இடமாற்றம் கேக்கச் சொல்லுவம். நீர் சும்மா இரும், அது போதும்."

குஞ்சியம்மா கையில் இருந்த வெங்காயத்தைப் பிடித்தபடியே இருந்தார். கண்ணில் நீர் முட்டி வழியத் தொடங்கியது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து மாமி சிரித்துக்கொண்டே அவர் கன்னத்தைத் துடைத்தார்.

எனக்குத் தாங்கவில்லை. முழுகாமல் இருப்பது நல்லதுதான், அதற்காக இனிக் கிணற்றடிக்கே போகக்கூடாது என்றால் அது என்ன நீதி? குஞ்சியம்மா அழுவது அந்தத் தண்டனையை நினைத்துத்தான் என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. உண்மையை ஒப்புக்கொண்டு, பழியை என் தலையில் ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

"மாமி, குஞ்சியம்மாவைப் பேசாதேங்கோ" என்றேன். "அவ நேற்று முழுகினவ. நான்தான் தண்ணி அள்ளி ஊத்தினனான்."

மாமியின் கை குஞ்சியம்மாவின் கன்னத்திலேயே நின்றது. அப்போதுதான் அவர் குஞ்சியம்மாவின் தலையைப் பார்த்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு அழுக்கும் எண்ணெயும் போய், முதுகு முழுவதும் விரிந்து கிடந்தது மயிர். வாசலில் நின்ற அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். நான் போகவில்லை.

"ஓம் மாமி" என்றார் குஞ்சியம்மா. "வியாழக்கிழமை மட்டுக்கும் இருந்தது."

அவர் பரலைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். பயத்தில் நாளை மாற்றிச் சொல்கிறாரே, வியாழக்கிழமைதானே நிரப்பினது, சனிக்கிழமை வரைக்கும் இருந்ததே என்று திருத்த வாயெடுத்தேன். மாமியின் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். காலையில் வளவுக்குள் வந்த முகம் அது இல்லை. அவர் பணியார டப்பாவின் மூடியை எடுத்து, மெல்லப் பொருத்தி, அமத்தி மூடினார். இனித் திட்டு விழப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வந்தது.

"பிழை என்னிலைதான் மாமி" என்றேன். "குஞ்சியம்மாவிலை பிழையில்லை."

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். கையை நீட்டி என்னைத் தன் மடிக்கு இழுத்தார். அவர் சேலையில் கடல் ஈரமும் கர்ப்பூரமும் சேர்ந்த வாசம் அடித்தது. "உன்னிலை பிழையில்லையடி" என்றார். பிறகு என் தலைக்கு மேலால் குஞ்சியம்மாவைப் பார்த்தார்.

"ஒருத்தரிலையும் பிழையில்லை, பிள்ளை" என்றார். "உம்மிலை ஒரு பிழையும் இல்லை."

அதைக் கேட்டதும் குஞ்சியம்மா சத்தமாக அழத் தொடங்கினார். அவர் அப்படி அழுது நான் அதற்கு முதல் கண்டதில்லை. மாமி என்னை விட்டுவிட்டு அவரிடம் நகர்ந்து போய், விரிந்து கிடந்த அந்த மயிரைக் கையால் கோதிக் கோதிக் கொண்டை முடிந்துவிட்டார். அம்மா வாசலில் நின்று சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

எனக்கோ மலை இறங்கியது போல இருந்தது. ஒரு பரல் நல்ல தண்ணீரைக் கொட்டியதற்கு இவ்வளவு லேசாக மன்னிப்புக் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. மன்னித்த பிறகும் குஞ்சியம்மா ஏன் அழுகிறார் என்பதுதான் விளங்கவில்லை. மாமி சொன்னது அவருக்குச் சரியாகக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, பக்கத்தில் போய்க் குந்தியிருந்து, காதுக்குள் நானே விளக்கமாகச் சொன்னேன்.

"அழாதேங்கோ குஞ்சியம்மா. மாமி இனிப் பேசமாட்டா. இனி நீங்கள் ஒவ்வொரு மாசமும் முழுகலாம்."

குஞ்சியம்மா ஓம் என்று தலையாட்டினார்.